பழைய மாருதி 800-இல் சிந்தெடிக் ஆயில்: ஒரு மதிப்புரை

சென்னையில் எந்த உதிரிபாகக் கடையில் போய் இன்ஜின் ஆயில் கேட்டாலும், வண்டி எந்த வருட மாடல் என்று விசாரிப்பதற்கு முன்பே, 'ஃபுல் சிந்தெடிக் போட்டுடுங்க சார், கவலையே இல்லை' என்ற ஆலோசனை வந்துவிடுகிறது. பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டியே கை பழுத்த மெக்கானிக்குகளோ, 'பழைய இன்ஜினில் சிந்தெடிக் ஊற்றினால் சீல் எல்லாம் ஒழுகும்' என்று, ஆயில் கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்களைக் காட்டி, அதே உறுதியோடு தடுக்கிறார்கள். கடைக்காரர் சொல்வதும் மெக்கானிக் சொல்வதும் என் வண்டியில் ஓரளவு பலித்தன; ஆனால் அவர்கள் சொன்ன காரணங்களால் அல்ல. ஓராண்டுக்கும் மேலாக ஒரு பழைய மாருதி 800-இல் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் ஆயிலை ஊற்றி ஓட்டியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

வண்டி 1990-களின் பிற்பகுதியில் வந்த கார்புரேட்டர் மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட்டால் ஓடும் ஒற்றைக் கேம்ஷாஃப்ட் என்று எல்லாமே எளிமையான அமைப்பு. இன்ஜினை இதுவரை ரீபோர் செய்ததில்லை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதுப்பித்ததில்லை. லட்சம் கிலோமீட்டரைக் கடந்து வெகுகாலமாகிறது. நகருக்குள் குறுகிய தூர ஓட்டம்தான் பெரும்பகுதி. எப்போதாவது நெடுஞ்சாலைப் பயணம். புகை இல்லை, இழுவையில் பெரிய குறை இல்லை, ஆனால் ஹெட் கவர் ஓரத்திலும் டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலும் லேசான ஆயில் கசிவு எப்போதும் இருந்தது. அந்தக் கசிவில் தூசி படிந்து கருமையான பசையாக ஒட்டியிருக்கும். துடைத்தால் மறுவாரம் மீண்டும் படியும். இத்தனை வயதான மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது புதிய காட்சியாக இராது. இதுவரை அதில் ஊற்றப்பட்டது 20டபிள்யூ-50 மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வழக்கமான முறையில் எடுத்தது; 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றப்பட்டு வந்தது.

சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் வாங்கிய கேனின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். காஸ்ட்ரோல், ஷெல், மொபில், சர்வோ, கல்ஃப் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் எவருடைய 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக்கை ஊற்றியிருந்தாலும், என் வண்டியில் நடந்தது பெரும்பாலும் இதேபோலத்தான் நடந்திருக்கும். ஆகவே இதை ஒரு கேனுக்கான மதிப்புரையாக அல்லாமல், ஒரு வகை ஆயிலுக்கான மதிப்புரையாகப் படிப்பது நல்லது.

முதலில் கேனில் உள்ள எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பழைய வண்டிக்காரர் செய்யும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் குறிக்கிறது. 5டபிள்யூ ஆயிலை, ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் விதிப்படி மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் ஸ்டார்ட் செய்யும் நிலைக்கான சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். மார்கழி விடியற்காலையிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னையில் இந்தச் சோதனையின் பயன் என்ன என்று கேட்பது நியாயமே. பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு 100 டிகிரியில் உள்ள தடிப்பை, அதாவது பாகுத்தன்மையைச் சொல்வது. அதன் அலகு சென்டிஸ்டோக். 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ளும், 50 என்றால் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்குக்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது மினரல் 20டபிள்யூ-50-இலிருந்து சிந்தெடிக் 5டபிள்யூ-40-க்கு மாறுகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்கிறார்: அடிப்படை எண்ணெயை மாற்றுகிறார், கிரேடையும் மாற்றுகிறார். பிறகு வண்டியில் தெரியும் நன்மை தீமை அனைத்தையும் 'சிந்தெடிக்' என்ற ஒன்றின் தலையிலேயே கட்டிவிடுகிறார். என் அனுபவத்தில், வித்தியாசத்தின் பெரும்பங்கு கிரேடினால் வந்ததே.

காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது கிடைத்த நன்மையைச் சொல்லிவிடுகிறேன். இரவு முழுதும் நின்ற வண்டியைச் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால், பழைய ஆயிலில், வால்வுகளை இயக்கும் டேப்பட் பக்கமிருந்து சில நொடிகள் 'கடகட'வென்று சத்தம் வரும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட்டும் அதற்கேற்பச் சற்றுத் தயங்கியே அணையும். 5டபிள்யூ-40 ஊற்றிய பிறகு லைட் உடனே அணைந்தது. சத்தமும் குறைவாகவே நின்றது. இது மனப்பிரமை அல்ல என்று நம்புவதற்குக் காரணம் உண்டு. நிறுவனங்கள் வெளியிடும் தரவுத்தாள்களைப் பார்த்தால், 40 டிகிரியில் மினரல் 20டபிள்யூ-50 ஆயில்கள் பெரும்பாலும் 150 முதல் 180 சென்டிஸ்டோக் வரையிலும், சிந்தெடிக் 5டபிள்யூ-40 ஆயில்கள் 75 முதல் 95 வரையிலும் இருக்கின்றன. நம் ஊர்க் காலைச் சூட்டிலேயே சிந்தெடிக் 5டபிள்யூ-40 மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இளகியது என்று பொருள். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏற வேண்டிய ஆயில் சீக்கிரம் ஏறிவிடுகிறது. தேய்மானத்தில் கணிசமான பகுதி ஸ்டார்ட் செய்யும் தருணத்திலும் இன்ஜின் சூடேறும் நிமிடங்களிலும் ஏற்படுகிறது என்பதால், தினமும் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த நன்மையை அற்பமென்று தள்ள முடியாது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது உயிர்நாடி. நமக்குப் பரவாயில்லை என்று சொல்லத்தக்க லாபம்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு கதை வேறு. சித்திரை வெயிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, பூந்தமல்லி பக்கம் நெரிசலில் நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தபோது, சிக்னலில் ஐடிலிங்கில் அந்தச் சிவப்பு லைட் மங்கலாகத் துடித்தது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். காலை எடுத்தால் மறுபடியும் துடிக்கும். 20டபிள்யூ-50 இருந்த காலத்தில் அது ஒருபோதும் அப்படித் துடித்ததில்லை. மாருதி 800-இல் ஆயில் பிரஷர் மீட்டர் கிடையாது. அந்த லைட் ஒன்றுதான் எச்சரிக்கை, அதுவும் பிரஷர் மிகவும் தாழ்ந்த பிறகே எரியும். எனவே பட்டறையில் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் முள் வைத்த மீட்டரை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். சுவிட்சில் கோளாறு இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முள் நன்றாகவே ஏறியது. வண்டியை அரைமணி நேரம் சூடாக ஓட்டிவிட்டு வந்து ஐடிலிங்கில் விட்டால், லைட்டை எரியவைக்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆர்பிஎம் கூட்டினால் மறுபடி ஒழுங்காக ஏறியது. இதற்குப் பொருள் ஆயில் மோசம் என்பதன்று. பேரிங்குகளும் ஆயில் பம்ப்பும் காலப்போக்கில் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால், அந்த இடைவெளி வழியே மெல்லிய ஆயில் வேகமாக வழிந்துபோய்விடுகிறது. அதனால் பிரஷர் நிற்பதில்லை. புதிய இன்ஜினில் இதே ஆயில் இதே வெயிலில் ஒரு குறையுமின்றி வேலை செய்யும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 150 டிகிரிச் சூட்டில், வேகமாக ஓடும் பாகங்களுக்கு இடையே சிக்கிய நிலையில் ஆயிலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பாகுத்தன்மை என்று எஸ்ஏஇ விதி ஒன்று இருக்கிறது. 5டபிள்யூ-40-க்கு அது 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி, 20டபிள்யூ-50-க்கு 3.7. குறைந்தபட்ச எல்லையில் வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே, 'தண்ணி மாதிரி ஆயில், பேரிங் போய்விடும்' என்று பட்டறையில் பயமுறுத்துவது மிகை. தேயாத இன்ஜினுக்கு 5டபிள்யூ-40 போதுமான பலம் கொண்டதே. ஆனால் என்னுடையது தேயாத இன்ஜின் அல்ல, பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருடையதும் அல்ல.

மலை ஏற்றத்தில் சோதித்துப் பார்க்க ஏலகிரி வசதியான இடம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடி, அதன் பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரிலும் முதல் கியரிலுமாக ஏற வேண்டும். ஏறும்போது ஆயிலைக் குறித்துக் குறை சொல்ல ஒன்றுமில்லை; இன்ஜின் ஓசை சீராகவே இருந்தது, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைவிட்டு நகரவில்லை. இறங்கும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரின் பிடியிலேயே நெடுநேரம் இறங்கிவிட்டு, அடிவாரத்தில் வேகமெடுத்தபோது பின்னால் நீலப்புகை ஒரு கொத்தாக வெளியேறுவது கண்ணாடியில் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அது நின்றும் விட்டது. காற்றின் வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் உண்டாகும் வெற்றிடம், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தளர்ந்திருந்தால் அதன் வழியே ஆயிலைச் சிலிண்டருக்குள் உறிஞ்சிவிடும். மினரல் 20டபிள்யூ-50 இருந்தபோதும் அந்த சீல் தளர்ந்தே இருந்திருக்க வேண்டும். ஆயிலின் தடிப்பு அதை மறைத்திருந்தது. மெல்லிய ஆயில் ஊற்றுவதில் ஒரு பயன் என்று இதையே சொல்லலாம்: இன்ஜின் ஒளித்துவைத்திருக்கும் நோய்களை வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

இனி ஒழுகல். சிந்தெடிக் ஊற்றினால் சீல் ஒழுகும் என்ற பேச்சுக்கு ஒரு நியாயமான பூர்வகதை உண்டு. அமெரிக்காவில் 1974-இல் மொபில் 1 விற்பனைக்கு வந்தபோது அது 5டபிள்யூ-20 என்ற மிக மெல்லிய கிரேடு. சிந்தெடிக் ஆயில்களில் பயன்படும் பாலி ஆல்ஃபா ஒலிஃபின் என்ற அடிப்படை எண்ணெய், ரப்பர் சீல்களைச் சற்றுச் சுருங்கவைக்கும் இயல்புடையது. மினரல் எண்ணெய் அவற்றைச் சற்றே உப்பவைக்கும். அதனால்தான் இப்போதைய தயாரிப்புகளில் எஸ்டர் போன்றவற்றையும் சீலைப் பதமாக வைக்கும் சேர்மங்களையும் கலந்து, சமநிலைப்படுத்தியே விற்கிறார்கள். ஆக, இன்று கடையில் கிடைக்கும் நல்ல சிந்தெடிக் ஆயில் ஆரோக்கியமான சீலைக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன சீலை அது சரிசெய்வதும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு வெப்பத்தில் வெந்து இறுகிய நைட்ரைல் ரப்பர் விரல் நகத்தால் அழுத்தினால் குழியாது. பிளாஸ்டிக் போல நிற்கும். அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே உண்டான மயிரிழை இடைவெளியை, ஆண்டுக்கணக்கில் படிந்த கசடும் ஆயிலின் தடிப்பும் சேர்ந்து ஒருவாறு அடைத்துக்கொண்டிருக்கும். மெல்லிய புதிய ஆயிலும் அதில் உள்ள சுத்திகரிப்புச் சேர்மங்களும் அந்த இடைவெளியைத் திறந்துவிடுகின்றன.

என் வண்டியில் ஹெட் கவர் கேஸ்கெட் கசிவு சற்று அதிகரித்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் கசிவு தெளிவாக அதிகரித்தது. இரண்டையும் மாற்றினேன், இரண்டுமே மலிவானவை, வேலையும் குறைவு. ஓ-ரிங்கைக் கழற்றியபோது அது வளையமாக வரவில்லை, இரண்டு துண்டுகளாக ஒடிந்து வந்தது. அதைப் பார்த்த பிறகு ஆயிலைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் விரித்து வைத்த அட்டையில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, புதிதாகச் சொட்டுகள் விழ ஆரம்பித்தன. அது கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். அந்த சீலின் விலை ஒரு பொருட்டே இல்லை. அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும், செலவு முழுவதும் கூலியில்தான். கசிவு அதிகமானால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டு வழுக்கவும் தொடங்கும். சிந்தெடிக்குக்கு மாற நினைப்பவர்கள், வண்டியை லிஃப்டில் ஏற்றி இந்த ஓர் இடத்தை மட்டுமாவது முன்கூட்டியே துடைத்துப் பார்த்துக்கொள்வது நலம். அங்கே ஈரம் இருந்தால் கிரேடை மெலிதாக்காதீர்கள்.

'சிந்தெடிக் உள்ளே இருக்கும் கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து ஆயில் வழியை அடைத்துவிடும்' என்ற அச்சமும் பரவலாக உண்டு. டேப்பட் சரிசெய்ய ஹெட் கவரைத் திறந்தபோது பார்த்தேன்: பழுப்பு நிறப் படிவம் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கழுவும் வேலையைச் செய்வது அடிப்படை எண்ணெயில் கலக்கும் சேர்மங்களே. அவை மினரல் ஆயிலிலும் உண்டு. பாலி ஆல்ஃபா ஒலிஃபின் தன்னளவில் கசடைக் கரைப்பதில் கெட்டிக்காரப் பொருளும் அல்ல. எனவே ஆயிலை நேரத்துக்கு மாற்றிவந்த வண்டியில் இந்தப் பயம் தேவையில்லை. பல ஆண்டுகள் மாற்றாமல் ஓடி, ஆயில் மூடியின் அடியில் தார் போலப் படிந்திருக்கும் வண்டிக்கு எந்த ஆயிலாக இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். அதற்கு, இன்ஜின் ஃப்ளஷ் என்ற பெயரில் விற்கப்படும் திரவங்களை ஊற்றுவதைவிட, சாதாரண ஆயிலையே குறுகிய இடைவெளியில் ஃபில்டரோடு இரண்டு மூன்று முறை மாற்றுவது பாதுகாப்பானது.

கேனில் 'ஃபுல் சிந்தெடிக்' என்று அச்சிட்டிருப்பதெல்லாம் ஒரே பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதல் இரண்டும் வழக்கமான மினரல்; மணலியில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் ஆலையிலும் கச்சா எண்ணெயிலிருந்து ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் எடுக்கிறார்கள். மூன்றாம் பிரிவு, கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் கொண்டு தீவிரமாகச் சுத்திகரித்துப் பெறுவது. சூட்டில் எவ்வளவு குறைவாக இளகுகிறது என்பதைக் காட்டும் அதன் பாகுத்தன்மைக் குறியீடு 120-க்குக் குறையக் கூடாது. நான்காவது பாலி ஆல்ஃபா ஒலிஃபின். ஐந்தாவது எஸ்டர் முதலான பிற. மூன்றாம் பிரிவையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாமா என்று மொபிலுக்கும் காஸ்ட்ரோலுக்கும் அமெரிக்காவில் எழுந்த வழக்கில், அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 1999-இல் காஸ்ட்ரோலுக்குச் சாதகமாகக் கூறியது. அதன் பிறகு சந்தையில் பெருகியவை மூன்றாம் பிரிவு ஆயில்களே. அவை நல்ல ஆயில்கள்தாம். ஆனால் விமானத்திலும் பந்தயக் காரிலும் ஊற்றுவதை உங்கள் வண்டியிலும் ஊற்றுகிறோம் என்ற தோரணையில் விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

சிந்தெடிக் ஆயிலின் உண்மையான பலம் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்குவதில் இருக்கிறது: அதிகச் சூட்டில் நெடுநாள் இருந்தும் தடித்துக் கெட்டுப்போகாமல் நிற்கும். டர்போ வைத்த புதிய இன்ஜின்களில், 10,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டும் வண்டிகளில், இந்தப் பலத்துக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் ஆயில் கெடுவது பெரும்பாலும் வேறு வழியில். காலையில் சோக் இழுக்கும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்குகிறது. தேய்ந்த ரிங் வழியே எரிந்த வாயுவும் ஈரமும் இறங்குகின்றன. இன்ஜின் முழுச் சூடு பெறும் முன்பே வண்டியை நிறுத்திவிடுவதால் அவை ஆவியாகி வெளியேறுவதும் இல்லை. இந்த மாடலில் பெட்ரோல் பம்ப் கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் மெக்கானிக்கல் வகை. அதன் ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. 1990-களின் ரப்பர் பாகங்கள் அதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் இந்தச் சவ்வைக் கவனிப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது. பெட்ரோல் கலந்த ஆயில் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் நீர்த்த ஆயில்தான்.

ஆகவே சிந்தெடிக் ஊற்றிவிட்டோம், இனி ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று இடைவெளியை நீட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதுவே என் கணக்கு. இடையில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஆயில் கறுத்திருப்பது கெட்ட அறிகுறி அன்று. சேர்மங்கள் அழுக்கைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. அளவு குறைந்தால் எரிகிறது அல்லது ஒழுகுகிறது. ஆனால் யாரும் ஊற்றாமலேயே அளவு கூடியிருந்தால், டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தால், அன்றைக்கே பெட்ரோல் பம்ப்பையும் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

இடைவெளியை நீட்ட முடியாது என்றானபின் பணக் கணக்கு சிந்தெடிக்குக்கு எதிராகவே முடிகிறது. மினரல் 20டபிள்யூ-50-உடன் ஒப்பிட்டால் நான் வாங்கிய 5டபிள்யூ-40-இன் விலை லிட்டருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இந்த இன்ஜின் ஏறத்தாழ மூன்று லிட்டர் மட்டுமே பிடிக்கும் என்பதால் மொத்தத் தொகை பயமுறுத்துவதாக இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் தொகையை ஒரு கேஸ்கெட்டிலும் வால்வு ஆயில் சீல்களிலும் போட்டால் வண்டிக்குக் கிடைக்கும் நன்மை அதிகம். மைலேஜ் கூடும் என்று கேனில் இருந்த வாசகத்தை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. நகர நெரிசலும் ஏசியும் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வுக்குள் அந்த வித்தியாசம் இருந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

வேறு பழைய வண்டிகள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கேமும் தட்டையான டேப்பட்டும் நேருக்கு நேர் உரசுவதால், துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட தேய்மானத் தடுப்புச் சேர்மம் போதிய அளவு தேவை. ஏபிஐ வகுத்த எஸ்என், எஸ்பி தர ஆயில்களில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு மட்டுமே பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. 40, 50 கிரேடுகளுக்கு அந்த உச்சவரம்பு பொதுவாகக் கிடையாது. ஆகவே அதற்கும் தடித்த கிரேடே ஏற்றது. கியரும் கிளட்சும் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக்குகளில் கார் ஆயிலை ஊற்றக் கூடாது. ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி கேனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. பழைய டீசல் வண்டிகளுக்குக் கரியைத் தாங்கும் டீசல் தர ஆயில், பெரும்பாலும் 15டபிள்யூ-40, அதுவே போதும்.

எந்த ஆயில் வாங்கினாலும் எங்கே வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். விலை கூடிய சிந்தெடிக் கேன்களில்தான் போலிக்கு லாபம் அதிகம்; காலிக் கேனைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி விற்பது பழைய தந்திரம். மூடியின் சீல் வளையம் கண்முன் உடைய வேண்டும், பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் அழியாமல் இருக்க வேண்டும், பில் வாங்க வேண்டும். எங்கள் பட்டறையில் ஆயிலை ஊற்றி முடித்ததும் ஸ்க்ரூடிரைவரால் கேனின் வயிற்றில் குத்திவிட்டே குப்பையில் எறிகிறார்கள். வடித்த கழிவு ஆயிலையும் சாக்கடையில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து வைக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே அந்தப் பட்டறையில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால், ஆயிலாக மட்டும் பார்த்து ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். என் வண்டிக்கான ஆயிலாகப் பார்த்தால் இரண்டரைக்கு மேல் வராது. பின்பக்க சீலும் வால்வு சீல்களும் புதிதாக மாற்றப்பட்ட, அல்லது ஓவர்ஹால் முடித்து, புதிய பாகங்கள் பழகுவதற்கான ரன்னிங்-இன் ஓட்டமும் முடிந்த பழைய இன்ஜினுக்குத் தாராளமாகச் சிந்தெடிக் ஊற்றலாம். அதிலும் 5டபிள்யூ-40-ஐவிட, சிந்தெடிக்கிலேயே கிடைக்கும் 15டபிள்யூ-50-ஐத் தேடி வாங்குவது நம் வெயிலுக்குப் பொருத்தம். லைட் துடிக்கும், கீழே சொட்டும், இறக்கத்தில் புகைக்கும் வண்டிக்கு நல்ல நிறுவனத்தின் மினரல் 20டபிள்யூ-50-ஐ நேரந்தவறாமல் மாற்றுவதே சரி. என் வண்டிக்கு இப்போது மீண்டும் அதைத்தான் ஊற்றியிருக்கிறேன். சிக்னலில் லைட் துடிப்பது நின்றுவிட்டது, அட்டையில் சொட்டுகளும் குறைந்திருக்கின்றன. அடுத்து கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது பின்பக்க சீலையும் சேர்த்து மாற்றிவிட்டு, 15டபிள்யூ-50 சிந்தெடிக்கை ஒருமுறை ஊற்றிப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது.